ஸ்டார் ட்ரெக் நாவல்கள்: எங்கிருந்து தொடங்குவது? கணக்கில் சேராத கதைகளை எதற்குப் படிப்பது?

மாடிப்படி வாசகன் கேட்கிறார்:

நண்பர்களுக்கு வணக்கம். 1966 முதல் 1969 வரை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பான, எதிர்கால விண்கப்பல் ஒன்றின் பயணங்களைச் சொல்லும் முதல் ஸ்டார் ட்ரெக் தொடரின் 79 பகுதிகளையும், இரவு உணவுக்குப் பின் ஒன்று என்ற கணக்கில், ஏறத்தாழ மூன்று மாதங்களில் பார்த்து முடித்தேன். மூன்றாம் பருவத்தின் சில பகுதிகளைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருந்தது. ஆனாலும் கப்பல் தலைவர் கிர்க், அவருடைய துணை அதிகாரி ஸ்பாக், மருத்துவர் மெக்காய் மூவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்ளும் பேச்சு காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. தொடர் முடிந்த மறுநாள் இரவு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அந்த வேளையில், பழைய புத்தகக் கடையொன்றில் சமையல் குறிப்புகளுக்கும் வருமான வரிக் கையேடுகளுக்கும் நடுவே, ஜேம்ஸ் பிளிஷ் எழுதிய 'ஸ்டார் ட்ரெக் 2' என்ற மெல்லிய தொகுப்பு கண்ணில் பட்டது. தொலைக்காட்சிப் பகுதிகளையே சிறுகதைகளாக மாற்றி எழுதியிருக்கிறார் என்று புரிந்தது. 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' கதையை ஆவலுடன் பிரித்தேன். சில வாரங்களுக்கு முன்பு பார்த்த பகுதி என்பதால் நினைவு மங்கியிருக்கவில்லை. இருந்தும், அச்சில் படித்ததும் திரையில் கண்டதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. எழுத்தாளர் பகுதியைச் சரியாகப் பார்க்காமல் எழுதிவிட்டாரா, அல்லது வேண்டுமென்றே மாற்றினாரா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி சற்றுப் பெரியது. இந்தத் தொடரை ஒட்டி எழுதப்பட்ட நாவல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன என்றும், திரையில் வந்தது மட்டுமே அதிகாரபூர்வமான கதை, நாவல்களில் நடப்பது எதுவும் கணக்கில் சேராது என்பதே உரிமையாளர்களின் நிலைப்பாடு என்றும் அறிந்தேன். உடையவர்களே ஒப்புக்கொள்ளாத கதையை நான் எதற்காகப் படிக்க வேண்டும்? படிக்கலாம் என்றால், வெளிவந்த வரிசையில் படிக்க வேண்டுமா, நடுவில் எங்காவது நுழையலாமா? பட்டியல் வேண்டாம், படித்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் போதும்.

மஞ்சள் தாள் எழுதுகிறார்:

முதலில் உங்கள் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். பேன்டம் பதிப்பகம் ஏழு கதைகள் கொண்ட முதல் தொகுப்பை 1967ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டபோது, தொடர் தன் முதல் பருவத்தையே முடித்திருக்கவில்லை. பிளிஷின் மேசைக்கு வந்தவை திரைக்கதைப் பிரதிகள் மட்டுமே; அவற்றிலும் சில, படப்பிடிப்புக்கு முன்பு பலமுறை திருத்தப்பட்ட கதைகளின் முந்தைய வடிவங்கள். ஆகவே அவர் எழுதியதற்கும் நாம் பார்ப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, பெரும்பாலும், எழுத்து மேசைக்கும் படப்பிடிப்புத் தளத்துக்கும் இடையே கதை எவ்வளவு தூரம் பயணித்தது என்பதைக் காட்டும் அளவுகோல்தான்.

நீங்கள் குறிப்பிட்ட கதை இதற்கும் ஒரு படி மேல். அதன் திரைக்கதையை எழுதிய ஹார்லன் எலிசனின் மூல வடிவத்தைத் தயாரிப்புக் குழுவினர் வெகுவாக மாற்றினார்கள். அந்த மாற்றத்தை எலிசன் தம் வாழ்நாள் முழுவதும் மன்னிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், மூல வடிவத்துக்கு எழுத்தாளர் சங்கத்தின் விருதும், ஒளிபரப்பான வடிவத்துக்கு அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதும் கிடைத்தன. இரண்டும் அருகருகே இருந்ததால், இரண்டிலும் சிறந்ததைக் காப்பாற்ற முயன்றதாகப் பிளிஷே குறிப்பிட்டிருக்கிறார். உங்கள் கையில் இருப்பது திரைக்கு வராத ஒரு மூன்றாம் வடிவம். அதை முப்பது நாற்பது ரூபாய்க்கு வாங்கியிருந்தால், நீங்கள் கொடுத்து வைத்தவர்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அந்தக் காலத்தில் ஒரு பகுதியைத் தவறவிட்டால் மறுஒளிபரப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். வீட்டில் பதிவு செய்து பார்க்கும் வசதி மக்களை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. ஒரு ரசிகர் தனக்குப் பிடித்த கதைக்கு, நினைத்த நேரத்தில் திரும்பிச் செல்வதற்கு இருந்த ஒரே வழி இந்த மெல்லிய புத்தகங்கள். அதனால்தான் 12 தொகுப்புகள் வந்தன. 1975இல் பிளிஷ் இறந்த பிறகு, 12ஆம் தொகுப்பை அவருடைய மனைவி ஜே. ஏ. லாரன்ஸ் நிறைவு செய்தார். 'எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்' நாவலுக்காக 1959இல் ஹ்யூகோ பெற்ற ஒருவர் இப்படிப்பட்ட வேலையை ஏற்றது அவருடைய சக எழுத்தாளர்கள் சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம்; ஆனால் அவருடைய தனி நாவல்களைப் படித்தவர்களைக் காட்டிலும் இந்தத் தொகுப்புகள் வழியாக அவரை அறிந்தவர்களே மிகுதி என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பிளிஷ் 1970இல் சொந்தக் கற்பனையில் எழுதிய 'ஸ்பாக் மஸ்ட் டை!' நாவலிலிருந்து தொடங்குங்கள். 1968இல் சிறுவர்களுக்கென்று மேக் ரெனால்ட்ஸ் எழுதிய ஒரு புத்தகத்தை விட்டுவிட்டால், இந்தத் தொடரை ஒட்டி வெளியான முதல் சுயமான நாவல் இதுவே. ஆட்களை நொடியில் வேறோர் இடத்துக்கு அனுப்பும் ட்ரான்ஸ்போர்ட்டர் கருவியைக் கண்டால் மெக்காய்க்கு ஆகாது என்பது நமக்குத் தெரியும். தொடரில் அது பெரும்பாலும் நகைச்சுவைக்குத்தான் பயன்பட்டது. பிளிஷ் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனிதனை அணு அணுவாகப் பிரித்து வேறோர் இடத்தில் மீண்டும் கட்டினால், வந்து நிற்பவன் புறப்பட்டவன்தானா, அல்லது புறப்பட்டவன் அங்கேயே செத்துப்போய் அவனுடைய நகல் வந்து நிற்கிறதா, உயிர் என்று ஒன்று இருந்தால் அது இந்தப் பயணத்தில் எங்கே போகிறது என்ற மெக்காயின் கவலையோடுதான் நாவலே தொடங்குகிறது. பிறகு ட்ரான்ஸ்போர்ட்டர் பரிசோதனை ஒன்று பிசகி, இரண்டு ஸ்பாக்குகள் வந்து நிற்கிறார்கள். இருவருக்கும் ஒரே நினைவு, ஒரே தர்க்கம், ஒரே பிடிவாதம். யார் அசல் என்பதைக் கண்டுபிடிக்கும் திறவுகோல் உடலின் வேதியியலில், நம் புரதங்களில் உள்ள அமினோ அமிலங்களுக்கும் இடக்கை வலக்கை என்ற பேதம் உண்டு என்ற உண்மையில், ஒளிந்திருக்கிறது. இதற்குமேல் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். நடை சற்று வறட்சியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு துணைச்செய்தி: 1973, 1974 ஆண்டுகளில் வந்த அசைபடத் தொடரின் 22 பகுதிகளை ஆலன் டீன் ஃபாஸ்டர் 'லாக்' என்ற பெயரில் பத்து நூல்களாக எழுதினார். முதல் ஆறு நூல்களில் மும்மூன்று கதைகள். கடைசி நான்கில் ஒரு பகுதியே முழு நாவலாக நீண்டுவிட்டது. இருபத்து சொச்சம் நிமிடக் கதையை இருநூறு பக்கத்துக்கு எப்படி இழுத்தார் என்று கேட்காதீர்கள், மீதியை அவரே இட்டுக்கட்டினார்; அந்த இட்டுக்கட்டிய பகுதிகள்தான் நன்றாக இருக்கின்றன.

இரண்டாம் அடுக்கு எழுதுகிறார்:

மஞ்சள் தாள் ஐயா சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் புதிய வாசகரை 1970இலேயே நிறுத்திவிட்டால், அவர் முற்றத்தைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாக எண்ணிக்கொள்வார். என் புத்தக அலமாரியில் முன்வரிசைக்குப் பின்னால், விருந்தினர் கண்ணில் படாதபடி, மற்றொரு வரிசை இருக்கிறது. அது முழுவதும் 1981 முதல் 1988 வரை பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட ஸ்டார் ட்ரெக் நாவல்கள்.

அந்த ஏழு ஆண்டுகள் ஏன் தனித்தவை என்பதற்குக் காரணம் உண்டு. திரையில் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒரு திரைப்படம் மட்டுமே வந்துகொண்டிருந்தது. 1987இல்தான் அடுத்த தொலைக்காட்சித் தொடர் தொடங்கியது. தொடரில் எதிரிகளாக வரும் வேற்றுக்கோள் இனத்தாரான கிளிங்கான்களும் ரோமுலன்களும் எப்படி வாழ்கிறார்கள், எதை உண்கிறார்கள், பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்பதைப் பற்றி முதல் தொடர் மிகக் குறைவாகவே சொல்லியிருந்தது. யாரும் பட்டா போடாத நிலம் அது. எழுத்தாளர்கள் புகுந்து உழுதார்கள்.

முதல் எடுத்துக்காட்டாக, ஜான் எம். ஃபோர்டு 1984இல் எழுதிய 'தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்' நாவலைச் சொல்வேன். இதில் கிர்க் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமே, ஒரு நாவலின் வாசகராக, வருகிறார். அவர் படிக்கும் அந்த நாவல்தான் நாம் படிப்பது. கிர்க்கின் காலத்துக்குச் சில பத்தாண்டுகள் முந்தைய கதை. அதன் நாயகன் கிரென் என்ற கிளிங்கான். குலப்பெயர் இல்லாத அனாதையாக வளர்ந்து கப்பல் தலைவனாகிறவன். அவர்களுடைய மொழியில் 'கோமெரெக்ஸ்' என்றால் வளரும் அமைப்பு, 'கெஸ்டெரெக்ஸ்' என்றால் அழியும் அமைப்பு. இரண்டுக்கும் நடுவில் வேறொன்று இல்லை. இந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே, ஒரு பேரரசு ஏன் ஓய்வெடுக்க முடியாமல் பிறர் எல்லைக்குள் நுழைந்துகொண்டே இருக்கிறது என்பதை ஃபோர்டு விளக்கிவிடுகிறார். கிளிங்கான்களிடம் தூதராக அனுப்பப்படும் மனிதரின் பெயர் இமானுவேல் தாகூர் என்பதும், அவர் வன்முறையை முற்றாக மறுப்பவர் என்பதும் நம் பக்கத்து வாசகர்களுக்குக் கூடுதல் சுவை. ஃபோர்டு எதையும் விளக்கிச் சொல்கிற பழக்கம் இல்லாதவர். பாதி உரையாடல் வெளியே சொல்லப்படாமலே நடக்கும். நான் முதல் வாசிப்பில் சதியின் பாதியைத் தவறவிட்டேன், இரண்டாம் வாசிப்பில்தான் யார் யாரை ஏமாற்றினார்கள் என்று விளங்கியது.

பிறகு வந்த தொடர்கள் கிளிங்கான்களை, மானத்தைப் பற்றி உரக்கப் பேசும் போர்வீரர்களாக வேறு திசையில் கொண்டு சென்றன. மார்க் ஓக்ராண்ட் திரைப்படத்துக்காக உருவாக்கிய கிளிங்கான் மொழியும் ஃபோர்டின் சொற்களோடு ஒத்துப்போவதில்லை. ஆக, இந்த நாவல் இன்று அதிகாரபூர்வக் கதையிலிருந்து முற்றாக விலகி நிற்கிறது. அதனால் என்ன குறைந்துவிட்டது? எனக்கு இன்றும் கிளிங்கான் என்றால் முதலில் கிரென்தான் நினைவுக்கு வருகிறான்.

ரோமுலன்களுக்கு இதே கைங்கரியத்தைச் செய்தவர் டயான் டுவேன். அதே 1984இல் வந்த 'மை எனிமி, மை அல்லி' நாவலில் ஏல் என்ற ரோமுலன் தளபதி, தன் சொந்த அரசு நடத்தும் ஒரு கொடிய ஆய்வுக்கூடத்தை அழிப்பதற்காக எதிரியான கிர்க்கிடமே உதவி கேட்டு வருகிறாள். தொலைக்காட்சித் தொடரில், பெயர்கூடச் சொல்லப்படாமல், ஸ்பாக்கிடம் ஏமாந்துபோன ஒரு ரோமுலன் பெண் தளபதி வருவாரே, அவருடைய உறவினர்தான் இந்த ஏல். குடும்பத்துக்கு நேர்ந்த அந்த அவமானத்தை அவள் மறக்கவில்லை. திரையில் 50 நிமிடத்தில் முடிந்துபோன ஒரு தந்திரத்துக்கு மறுபக்கத்தில் யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் நாவலாசிரியரின் வேலை. இதே நாவலில் நாரத் என்ற இளம் அதிகாரியும் வருகிறார். அவர் பாறையைத் தின்று வாழும் ஹோர்டா இனத்தைச் சேர்ந்தவர். அந்தக் காலத் தொலைக்காட்சியின் செலவுக் கணக்கில் அப்படியொரு பாத்திரத்தை வாராவாரம் கப்பலில் நடமாட விட்டிருக்க முடியாது. காகிதத்துக்கு அந்தச் செலவு இல்லை.

இனி, கணக்கில் சேராதது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கப்பலை ஓட்டும் அதிகாரியான சுலுவின் முதற்பெயர் தொடரில் ஒருமுறைகூடச் சொல்லப்படவில்லை. ஹிக்காரு என்ற பெயரை வைத்தவர், 1981இல் 'தி என்ட்ரபி எஃபெக்ட்' நாவலை எழுதிய வோண்டா மெக்கின்டயர். 1991இல் வெளியான ஆறாம் திரைப்படத்தில் எக்செல்சியர் கப்பலின் தலைவராகத் தோன்றும் சுலு, தம் பெயரை ஹிக்காரு சுலு என்று பதிவுசெய்கிறார். அன்றுமுதல் அது அதிகாரபூர்வம். தகவல்தொடர்பு அதிகாரி உஹுராவின் நியோட்டா என்ற பெயரும் 1982இல் வில்லியம் ராட்ஸ்லர் எழுதிய ஒரு நூலில் அச்சேறி, 2009ஆம் ஆண்டுத் திரைப்படத்தில்தான் திரையேறியது. டுவேன் 1983இல் எழுதிய 'தி வூண்டட் ஸ்கை' நாவலின் கரு, அவரும் மைக்கேல் ரீவ்ஸும் சேர்ந்து எழுதிய திரைக்கதை வழியாக, 1987இல் புதிய தொடரின் முதல் பருவத்திலேயே ஒரு பகுதியாக மாறியது. வாசலில் நிறுத்திவைத்த விருந்தாளியிடமே அவ்வப்போது கடன் வாங்கிக்கொண்டிருந்த வீடு அது.

வரிசை எண்ணைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். முதல் தொடருக்கான எண்ணிட்ட நாவல்கள் ஏறத்தாழ நூறு வரை சென்றன என்றாலும், ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை.

எதிர்வீட்டுக்காரர் எழுதுகிறார்:

மேலே இருவரும் நல்ல மாம்பழங்களை மட்டும் மேலடுக்கில் வைத்திருக்கிறார்கள். கூடையின் அடியில் என்ன இருக்கிறது என்பதை யாராவது சொல்ல வேண்டாமா?

நான் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றில் முப்பதை மறந்துவிட்டேன். மறந்ததற்குக் காரணம் என் வயது அல்ல. இவ்வகை நாவலில் எது நடந்தாலும் கடைசிப் பக்கத்தில் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும்: கிர்க் சாக முடியாது, மணம்புரிய முடியாது, மனம் மாறவும் முடியாது. உடைந்த பாத்திரத்தையெல்லாம் ஒட்டவைத்துவிட்டுத்தான் எழுத்தாளர் வெளியேறலாம். திறமைசாலிகள் ஆபத்தை வேறு யார்மீதாவது ஏற்றிவிடுகிறார்கள், ஃபோர்டு செய்தது அதுதான். மற்றவர்கள் நூறு பக்கத்துக்குப் போலியான பதற்றத்தைக் காய்ச்சுகிறார்கள். இன்னொரு நோய், கப்பலுக்குப் புதிதாக வரும் அழகும் அறிவும் நிறைந்த இளம் பெண் அதிகாரி. எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியர் தன்னையே கதைக்குள் அனுப்பிவைக்கும் இந்தப் பழக்கத்துக்கு 'மேரி சூ' என்ற பெயர் கிடைத்ததே, 1973இல் ஒரு ஸ்டார் ட்ரெக் ரசிகர் இதழில் வந்த கேலிக்கதையிலிருந்துதான்.

அத்துடன், இரண்டாம் அடுக்கு சொன்ன சுதந்திரம் நீடிக்கவில்லை. புதிய தொடர் வந்தபின், தொடரைப் படைத்த ஜீன் ராடன்பெரியின் அலுவலகம் நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளைக் கடுமையாக வடிகட்டத் தொடங்கியது. பீட்டர் டேவிட் 1991இல் எழுதிய 'வெண்டெட்டா' நாவலில் போர்க் என்ற, உடலோடு இயந்திரம் கலந்த எதிரி இனத்தைச் சேர்ந்த ஒரு பெண் வந்தாள் என்பதற்காக, இது ஆசிரியரின் சொந்த விளக்கம் மட்டுமே என்ற பொறுப்புத் துறப்பு அந்தப் புத்தகத்திலேயே அச்சிடப்பட்டது. ஆறே ஆண்டுகளில், 1997இல், 'வாயேஜர்' தொடரின் பெண் போர்க் பாத்திரம் அந்தத் தொடரின் முகமாகவே ஆகிவிட்டது. இதைச் சொல்லும்போது என் கட்சிக்கே எதிராக வாதாடுகிறேன் என்பது தெரிகிறது, பரவாயில்லை.

என் யோசனை இதுதான்: பத்தைப் படியுங்கள், பத்தோடு நிறுத்துங்கள். அந்தப் பத்தில் ஜேனட் கேகன் 1985இல் எழுதிய 'உஹுராஸ் சாங்' இருக்கட்டும். பூனை போன்ற ஓர் இனத்தாரிடையே பரவும் கொள்ளைநோய்க்கு மருந்து எங்கே என்பதை, உஹுரா தன் தோழியிடமிருந்து கற்ற பழம்பாடல் ஒன்றின் வழியாகத் தேடிச் செல்லும் கதை. தொடரில் அழைப்புகளை இணைத்துக் கொடுப்பதிலேயே பெரும்பாலும் காலம் கழித்த ஒருவருக்கு, ஒரு நாவல் முழுவதும் தலைமையிடம் கிடைத்திருக்கிறது. ஆம், அதிலும் மேலே சொன்ன அந்தப் புதிய பெண் அதிகாரி வருகிறாள். இந்த ஒருத்தியை மட்டும் மன்னித்துவிட்டேன்.

மாடிப்படி வாசகன் மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் மிக்க நன்றி. எதிர்வீட்டுக்காரர் எச்சரித்த பிறகு ஒரு சந்தேகம். எதுவும் மாறக்கூடாது என்ற விதியே இல்லாமல், பாத்திரங்கள் உண்மையாகவே மாறுகிற, சாகிற நாவல் வரிசை ஏதேனும் உண்டா?

இரண்டாம் அடுக்கு எழுதுகிறார்:

உண்டு, ஆனால் அதற்கு நீங்கள் இருபது ஆண்டுகள் முன்னே வர வேண்டும். திரையில் ஒரு தொடர் முடிந்துபோனால், அதன் பாத்திரங்களைக் காவல் காக்க ஆள் இல்லை. 2001 முதல் பாக்கெட் புக்ஸ் எழுத்தாளர்கள், முடிந்துபோன பிற்காலத் தொடர்களின் கதையைத் தாங்களே முன்னெடுத்துச் சென்றார்கள். ஒருவர் நாவலில் இறந்தவர் அடுத்தவர் நாவலிலும் இறந்தவராகவே இருந்தார், கைக்குழந்தை வளர்ந்தது, பதவி உயர்வு நிலைத்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இப்படி ஓடிய அந்த உலகம், 2020இல் 'பிகார்ட்' தொடர் வந்து அதே காலத்துக்கு வேறு கதை சொன்னதும் சிக்கலில் மாட்டியது. சத்தமில்லாமல் கைவிட்டிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யாமல், 2021இல் டேட்டன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் மூவரும் 'கோடா' என்ற மூன்று நாவல்களை எழுதி, அந்த உலகத்துக்கு முறைப்படி ஈமக்கடன் செய்து முடித்தார்கள். கணக்கில் சேராத கதைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

முதல் தொடரின் காலத்திலேயே அப்படி ஒன்று வேண்டுமென்றால், 2005இல் டேவிட் மேக் எழுதிய 'ஹார்பிஞ்சர்' நாவலுடன் தொடங்கும் 'வான்கார்டு' வரிசையைப் படிக்கலாம். ஒரு விண்வெளி நிலையத்தில் நடக்கும் கதை. கிர்க் முதல் நூலில் வந்து போகிறார். மையப் பாத்திரங்கள் அனைவரும் புதியவர்கள் என்பதால் யாருக்கும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அதற்கு முன்பு ஃபோர்டைப் படித்துவிடுங்கள்.

மாடிப்படி வாசகன் மீண்டும் எழுதுகிறார்:

'தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்' நேற்று அஞ்சலில் வந்தது. முதுகுப்புறப் பசை காய்ந்து, திறக்கும்போதெல்லாம் ஒரு தாள் கழன்றுவருகிறது. நாற்பது பக்கங்கள் தாண்டியிருக்கிறேன். தொடக்கத்திலேயே சிறுவர்களை உயிருள்ள ஆட்டக் காய்களாக நிறுத்தி, அடித்து வீழ்த்தி ஆடும் அந்த 'கிளின் ழா' ஆட்டத்தைப் படித்துவிட்டு, இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆட்டத்தின் விதிகள் பாதி புரியவில்லை. இரண்டாம் அடுக்கு சொன்னதால், புரியாததைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மேலே சென்றுகொண்டிருக்கிறேன். தாகூர் இன்னும் வரவில்லை.